ஜப்பானிய மொழிக்கு மூன்று வாத்தியார்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், என் இடது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை, போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உன்னைப் பார்த்து நான் கத்தியதிலிருந்து ஆறு நாளாக நீ அம்மாவுக்கு மட்டும்தான் போன் செய்கிறாய். அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள், கதவைச் சாத்தினால் எனக்குக் கேட்காது என்பது உங்கள் இருவரின் நம்பிக்கை. "அவருக்கு வயசாகுது, விடும்மா" என்று அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஐம்பத்தாறெல்லாம் ஒரு வயதா? சரி, அதை அவளோடு தனியாகப் பேசிக்கொள்கிறேன். அன்றைக்கு ஏன் கத்தினேன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் ஒரு வாக்கியம் சொன்னால் அம்மா பின்னாலிருந்து இரண்டு திருத்தம் போடுவாள். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

இது ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. குட்டிக்கு நாலு வயது, காலையிலிருந்து சாயங்காலம் வரை பள்ளியில் அந்த ஊர் மொழி, வீட்டுக்கு வந்தால் அப்பாவோடும் அதே மொழி, நீ தமிழில் கேட்டால்கூட அவன் ஜப்பானிய மொழியில்தான் பதில் சொல்கிறான். குறை சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா துண்டை மடித்து யானை செய்து காட்டுவாள், அவன் விழுந்து விழுந்து சிரிப்பான், யானைக்கு மொழி வேண்டியதில்லை. போன் என் கைக்கு வந்தவுடன் எழுந்து ஓடிவிடுவான். ஒரே ஒரு ஞாயிறு மட்டும் ஓடவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்து ஏதோ ஒரு வாக்கியம் கேட்டான். பக்கத்திலிருந்த நீயும் மாப்பிள்ளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். என்னவென்று கேட்டதற்கு நீ, "ஒண்ணுமில்லப்பா, சும்மா உளர்றான்" என்றாய். ஒன்றுமில்லாததற்கு யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. அவன் சொன்னது காதில் இருக்கும்போதே அந்தச் சத்தத்தைத் தமிழ் எழுத்தில் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். எனக்கும் என் பேரனுக்கும் நடுவில் இனி ஆள் வைத்துப் பேசுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன், தனியாக ஒரு வாத்தியார் வைத்து அந்த மொழியைக் கற்றுக்கொள்வது என்று. உன் மாமா இதைக் கேள்விப்பட்டு, "எதுக்கு அத்தான் இந்த வயசுல, போன்ல ஒரு பட்டனை அமுக்கினா அதுவே மொழிபெயர்த்துடுமே" என்றான். என் கல்யாணத்தன்று என் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தவன் அவன். அவனிடம் நான் யோசனை கேட்பதில்லை.

முதல் வாத்தியார் கம்ப்யூட்டரில் வருகிற ஒரு பையன், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. தனி வகுப்பு என்றுதான் விளம்பரம் செய்திருந்தான். உள்ளே போய்ப் பார்த்தால் திரையில் ஆறு குழந்தைகள். "ரெண்டு வாரம் இவங்களோட உக்காருங்க அங்கிள், அப்புறம் உங்களைத் தனியா கவனிக்கிறேன்" என்றான். எழுத்துகளைக் கையை ஆட்டிக்கொண்டு பாட வேண்டும். முப்பது வருடம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் முயல் மாதிரி காதுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு பாடினேன், பேரனுக்காக. பரீட்சை வைத்தான், மூன்றாவதாக வந்தேன். முதலில் வந்தது ஒரு இரட்டைச் சடை, எட்டு வயது இருக்கும். அது எல்லோருக்கும் கேட்கும்படி, "சார், அங்கிளுக்குப் பின்னால நின்னு யாரோ சொல்லிக் குடுக்கிறாங்க சார்" என்று போட்டுக்கொடுத்தது. பின்னால் நின்றது உன் அம்மாதான், சொல்லிக்கொடுத்ததும் உண்மைதான், ஆனால் அதைச் சபையில் சொல்ல வேண்டுமா? அந்தப் பெண் பெரியவளாகி என்ன ஆகப்போகிறாளோ தெரியவில்லை, நிச்சயம் எங்கள் துறைத்தலைவர் மாதிரி ஒரு ஆளாகத்தான் வருவாள். அன்றோடு நின்றுவிட்டேன்.

இரண்டாவது வாத்தியார் உண்மையாகவே தனி வாத்தியார், மூன்று தெரு தள்ளி இருக்கும் ஒரு அம்மாள், ஜப்பானில் ஒரு ஓட்டலின் வரவேற்பில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். நல்ல உச்சரிப்பு, சுத்தமான வீடு, மேசையில் பென்சில்கள்கூட ஒரே திசையில் கிடக்கும். ஆனால் முதல் வாரம் முழுக்க மன்னிப்புக் கேட்பது மட்டும்தான் பாடம். தாமதமாக வந்தால் ஒரு மன்னிப்பு, குறுக்கே போனால் ஒன்று, கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் ஒன்று, சும்மா உள்ளே நுழைந்ததற்குக்கூட ஒன்று, மொத்தம் பதினோரு வகை எழுதிப் போட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துறைத்தலைவர் பதவி எனக்கு வரவேண்டிய வருடத்தில் பட்டியலில் என் பெயரை விட்டுவிட்டு இன்றுவரை ஒருத்தரும் என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, நான் மட்டும் யாரோ ஒருத்தர் வீட்டுக்குள் நுழைந்ததற்கு எதற்குக் கேட்க வேண்டும் என்று விளக்கினேன், கொஞ்சம் விரிவாகவே விளக்கிவிட்டேன் போலிருக்கிறது. அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க பாடம் படிக்க வந்தீங்களா, வழக்குப் போட வந்தீங்களா?" என்றார். பேச்சை மாற்றலாம் என்று அந்த நாள்காட்டித் தாளை எடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "யார் கேட்டது?" என்றார். பேரன் என்றேன். தாளை மடித்து என் பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டு, "தாத்தா, நீங்க ஏன் எப்பவும் கோவமாவே இருக்கீங்கன்னு கேட்டிருக்கான் சார்" என்றார். வேறு அர்த்தம் ஏதாவது வருமா என்று கேட்டேன். நாலு வயதுப் பிள்ளைக்கு வேறு அர்த்தமெல்லாம் கிடையாது என்றார். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. நீ மறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. தெரிந்துவிட்டது என்பதை மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன்.

அந்த வாரம் முழுக்கக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று கோபமில்லாத முகம் எப்படி இருக்கும் என்று செய்து பார்த்தேன். அம்மா பார்த்துவிட்டு, "பல்லு வலிக்குதாங்க?" என்று கேட்டாள். கோபம் இல்லை என்பதை முகத்தால் சொல்வது நம்மால் ஆகாது, வாயாலாவது சொல்லிவிடலாம், அந்த ஒரு வாக்கியத்துக்காவது ஒரு வாத்தியார் வேண்டும் என்று திரும்பவும் தேட ஆரம்பித்தேன். மூன்றாவது வாத்தியார் எப்படிக் கிடைத்தார் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், உன் மாமாதான் பிடித்துக்கொடுத்தான். இதற்கு நான் அவனுக்கு நன்றி சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே, செருப்புக் கணக்கு இன்னும் தீரவில்லை. வந்தவர் ஒரு ஓய்வுபெற்ற போர்மேன், தகடு அழுத்துகிற எந்திரங்கள் உள்ள தொழிற்சாலையில் இருந்தவர், பயிற்சிக்காக அங்கே அனுப்பி நாலு வருடம் வைத்திருந்தார்களாம். காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்கும், உடனே பாடம் கிடையாது, முதலில் கூடத்தில் நின்று கை கால் ஆட்டி உடற்பயிற்சி, அங்கே வேலை தொடங்குமுன் அப்படித்தான் செய்வார்களாம். மூன்றாம் நாளிலிருந்து அம்மாவும் சேர்ந்துகொண்டாள், என்னைவிட நன்றாகக் குனிகிறாள், அதை அவர் தினமும் சுட்டிக் காட்டுகிறார். இவர் சொல்லிக்கொடுக்கிற மொழியில் ஒரே ஒரு குறை. எந்திரத்தை நிறுத்து, கையை உள்ளே விடாதே, தலைக்கவசம் எங்கே, எண்ணெய் கொட்டியிருக்கிறது, இதற்கு மேல் அவருக்குத் தெரியாது. சாப்பிட்டாயா என்று கேட்க எப்படி என்றேன், "கேன்டீன் தொறந்தாச்சுன்னு சொல்லத் தெரியும் சார், பரவாயில்லையா?" என்றார். சரி, எனக்குக் கோபம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். ரொம்ப நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்க பேக்டரில யாரும் அதை வாயால சொன்னதில்ல சார்" என்றார்.

ஆனால் ஒன்று கற்றுக்கொடுத்தார். அங்கே தொழிலாளிகளும் ரயில் ஓட்டுநர்களும் எதைச் சரிபார்த்தாலும் விரலை நீட்டிக் காட்டி, சத்தமாக 'யோஷி' என்று சொல்வார்களாம், சரியாக இருக்கிறது என்று அர்த்தம். "கண்ணு மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம் சார், கையை நீட்டி வாய்விட்டுச் சொன்னாத்தான் மனசுல நிக்கும்" என்றார். வீட்டில் அடுப்பை அணைத்தால் கேஸ் யோஷி, குழாயை மூடினால் யோஷி, வாசலைப் பூட்டினால் தெருவுக்கே கேட்கிற மாதிரி யோஷி. இரண்டு மாதத்தில் இது எனக்கு ஊறிப்போய்விட்டது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மெயின் சுவிட்சைப் பார்த்து விரலை நீட்டினேன், பிள்ளைகள் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். போன வாரம் தரையில் தண்ணீர் கொட்டிக் கிடந்தது, அது தெரியாமல் துறைத்தலைவர் உள்ளே காலை வைக்கப் போனார், என்னையறியாமல் "தொமாரே!" என்று கத்திவிட்டேன், நில் என்று அர்த்தம். மனிதர் ஒரு காலைத் தூக்கியபடி கொக்கு மாதிரி அப்படியே நின்றார். பத்து வருடத்தில் அவர் என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ போன் போட்டுக் குட்டியின் எதிரில் மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டுத் துணி காயப்போடப் பால்கனிக்குப் போய்விட்டாய், மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா துண்டைத் தேடி உள்ளே போனாள். அவன் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் நாற்காலியிலிருந்து இறங்கி ஓடத் தயாரானான். எனக்கோ அடுப்பில் டீக்கு வைத்த தண்ணீர் ஞாபகம் வந்தது, போனைக் கையில் பிடித்தபடியே எழுந்து போய் அணைத்துவிட்டு, பழக்க தோஷம், அடுப்பைப் பார்த்து விரலை நீட்டி ஒரு யோஷி போட்டேன். திரும்பிப் பார்த்தால் பயல் பாதி இறங்கிய நிலையில் அப்படியே நிற்கிறான், வாய் திறந்திருக்கிறது. அவனுக்கு ரயில் பைத்தியம் என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய், எனக்குத்தான் உறைக்கவில்லை. மெதுவாக அவனும் கையை நீட்டி உங்கள் வீட்டு விளக்கைக் காட்டி, "யோஷி!" என்றான். நான் என் மின்விசிறியைக் காட்டினேன். அவன் ஓடிப்போய் ரயில் ஓட்டுநர் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து போனைத் தூக்கிக்கொண்டான். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் உன் வீடு முழுக்கச் சோதனை போட்டோம். செருப்புகள் கோணலாகக் கிடந்தன, நான் "அஷிமோத்தோ!" என்றேன், கால் வைக்குமிடம் என்று போர்மேன் சொல்லிக்கொடுத்தது, அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நேராக வைத்தான். குளிர்சாதனப் பெட்டியின் கதவு சரியாக மூடவில்லை, அதை முதுகால் தள்ளி மூடினான். தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு அதற்கும் ஒரு யோஷி போட்டான். ஒருமுறை கதவிடுக்கில் விரலை விடப் போனான், கையை எடு என்று நான் அவர்கள் மொழியில் சொன்னேன், எடுத்தான். நான் சொல்லி அவன் கேட்டான், அம்மாடி, நடுவில் யாரும் இல்லாமல். நாற்பது நிமிடம். உன் அம்மா யானையோடு வந்து ஓரமாக நின்றாள், யானையை யாரும் கேட்கவில்லை. அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் அவன் போனை மேசைமேல் திரும்ப வைத்துவிட்டு எதிரில் நின்று என்னைப் பார்த்தான். அதே பார்வை, நான்கு மாதத்துக்கு முன்னால் பார்த்த மாதிரியே உற்றுப் பார்த்தான். என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அப்படியே இருந்தேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கையை நேராக என் மூக்குக்கு நீட்டி, தொண்டை கிழிய, "ஓஜீச்சான், யோஷி!" என்றான். தாத்தா, சரி. அந்த நேரம் பார்த்து நீ காலி பக்கெட்டோடு உள்ளே வந்தாய், "அப்பா, அவன் என்ன சொல்றான்னா" என்று ஆரம்பித்தாய். என் வாழ்நாளில் அந்த மொழியில் எனக்கு முழுதாகப் புரிந்த முதல் வாக்கியம் அது, அதை எனக்கு வேறு ஒருத்தர் சொல்லிக் கேட்கப் பிடிக்கவில்லை. அதனால்தான் "தொமாரே" என்று கத்தினேன். தமிழில் கத்தியிருந்தால் உனக்கு இத்தனை கோபம் வந்திருக்காதோ என்னவோ. எதுவாக இருந்தாலும் நடந்தது இதுதான், இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது, சமையலறைக் கதவை இனிமேல் திறந்து வைத்தே பேசலாம் என்று உன் அம்மாவிடம் சொல்.

சோதனையில் கண்ட குறைகளை மாப்பிள்ளையிடம் தெரிவி: குளிர்சாதனப் பெட்டிக் கதவின் ரப்பர் தேய்ந்துவிட்டது, குளியலறை பல்பு மினுக்குகிறது, பால்கனித் தாழ்ப்பாள் ஆடுகிறது, தாழ்ப்பாளை மட்டுமாவது உடனே மாற்றச் சொல், பயல் எட்டிப் பிடிக்கிற உயரத்தில் இருக்கிறது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மூவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை வந்தாலும் அன்றைக்கே தீர்ந்துவிடுகிற வீடாக, நீண்ட நாள் நன்றாக இருங்கள் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமையும் துணி நிறையத் துவைத்து வைத்துக்கொண்டு, காயப்போடப் போகிற நேரமாகப் பார்த்துப் போன் செய்.

இப்படிக்கு,
உன் அப்பா