துரை எழுதிய இரண்டு கடிதங்கள்

தை 10, வெள்ளி

காலையில் கடும் பனி. வகுப்பில் பாதிக்கு இருமல். தலைமையாசிரியர் கூப்பிட்டு விட்டார். லண்டன் பார்லிமெண்டில் இருக்கும் ஒரு துரை, யுத்த காலத்தில் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர், விருந்தினர் பங்களாவில் தங்கியிருக்கிறார். அவருடைய காரியதரிசி மலேரியாவில் திருச்சி ஆஸ்பத்திரியில். டைப் அடிக்க ஆள் வேண்டும்.

"இங்க இங்கிலீஷ் டைப்பிங் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான் டீச்சர். மறுக்காதீங்க."

மத்தியானமே போனேன். துரைக்கு அறுபது இருக்கும். மூட்டுவலி. எனக்கு நாற்காலி போடச் சொன்ன பிறகுதான் பேசினார். கடிதங்கள் இரண்டு கட்டு. ஒன்று பத்திரிகைக்கும் சர்க்காருக்கும். மற்றது சொந்தக் கடிதங்கள். கையால் எழுதித் தருவார், நான் நகல் அடித்து வைக்க வேண்டும்.

வாங்க வேண்டியது: மை, தையல் நூல், ஜன்னலுக்குக் கொக்கி.

ரங்கூனிலிருந்து என் வீட்டுக்காரர் கடிதம் இன்றும் இல்லை. குண்டு விழுந்த பிறகு ஒரே ஒரு கார்டு. அரிசி மில்லில் கிளார்க்கு. போய் ஆறு வருஷம்.

தை 12, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே பங்களா. வாசலில் முப்பது பெண்கள். பொன்னமராவதிப் பக்கம். புருஷன்மார் எல்லாம் பர்மாவில். துரை வந்திருப்பதைக் கேள்விப்பட்டு வண்டி கட்டி வந்திருக்கிறார்கள். முன்னால் நின்றவள் கருப்பாயி. அவள் புருஷன் ராமையா என் வீட்டுக்காரர் மில்லிலேயே மூட்டை தூக்குகிறான்.

"எங்க ஆம்பளையள எப்பக் கொண்டாந்து சேப்பாகன்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சர்."

துரை அங்கேயே பதில் சொன்னார். அதையே பத்திரிகைக்குக் கடிதமாக அடிக்கச் சொன்னார். நிறம் பார்க்காமல் எல்லாருக்கும் கப்பலில் இடம் உண்டு. யாரும் பயந்து காட்டு வழியில் கிளம்ப வேண்டாம். துறைமுகத்தில் காத்திருக்கட்டும்.

தமிழில் சொன்னது நான். உரக்க. சந்தோஷத்தில் இரண்டு தரம் சொன்னேன்.

"நெசமா டீச்சர்?"

"தொரை வாயாலயே சொல்லிட்டாங்க. நெசந்தான்."

தை 13, திங்கள்

இடைவேளையில் தந்தி ஆபீஸ். இவருக்குத் தந்தி: நடக்க வேண்டாம், கப்பல் வரும், ராமையாவிடமும் சொல்லவும்.

மழை மேகம். பெய்யவில்லை.

தை 14, செவ்வாய்

இன்று சொந்தக் கட்டு. லண்டன் சிநேகிதர் ஒருவருக்கு நான்கு பக்கம். மூட்டுவலி, சாப்பாட்டில் காரம், மாம்பூ வாசனை. மூன்றாம் பக்கத்தில்: ரங்கூனை இன்னும் அதிக நாள் வைத்திருக்க முடியாது. இருக்கிற கப்பல் நம்மவர்களுக்கே போதாது. இந்தியர்களுக்கு மலைவழிதான். எத்தனை பேர் பிழைப்பார்களோ. இதை இப்போது வெளியில் சொன்னால் அத்தனை கூலியும் ஓடிவிடுவான், துறைமுகத்தில் சரக்கு இறக்க ஆள் இருக்காது. ஞாயிறன்று வந்த பெண்களின் முகம் மனதை விட்டுப் போகவில்லை.

இரண்டு தரம் வாசித்தேன். விரல் ஓடவில்லை. ஒரே பக்கத்தில் ஒன்பது பிழை. கிழித்து மறுபடி அடித்தேன்.

தை 15, புதன்

எட்டு மணிக்கே தந்தி ஆபீஸ், உடனே கிளம்பச் சொல்லி மாற்றித் தந்தி கொடுக்க.

"இனிமே ரங்கூனுக்குப் பட்டாளத்துத் தந்தி மட்டுந்தானாம். நேத்து சாயங்காலம் உத்தரவு. இங்கிட்டு நின்னு பிரயோசனமில்ல டீச்சர்."

திங்கட்கிழமை கொடுத்தது?

"அது அன்னைக்கே போயிருச்சே."

அங்கிருந்து பங்களா. துரை காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நகலையும் மேசையில் வைத்தேன். எது உண்மை என்று கேட்டேன். நான்தானா கேட்டது என்று இருந்தது.

கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "உங்களுக்கு அங்கே யாராவது இருக்கிறார்களா?"

"என் புருஷன்."

கண்ணாடியைக் கழற்றினார். "முதலிலேயே சொல்லியிருக்கலாமே, அம்மா."

"சொல்லியிருந்தால்?"

யுத்த காலம், வெளியில் சொன்னால் ஜெயில் என்றார். தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொன்னார்.

தை 18, சனி

பத்திரிகையில் துரையின் கடிதம், பெரிய எழுத்தில்.

வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்றார் தலைமையாசிரியர். ஜெயில் என்று துரையே சொல்லியாயிற்று. பஸ் ஏறிவிட்டேன். பொன்னமராவதியில் இறங்கி நடை. கருப்பாயி வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் யாருக்கும் விளங்கவில்லை.

"அப்ப அன்னைக்கு ஏன் வரும்னு சொன்னீக?" கருப்பாயி.

"அன்னைக்கு எனக்குத் தெரியாது."

"தெரியாம ஏன் சொன்னீக?"

சுவரோரம் ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். சொம்பில் தண்ணீர் தந்தார்கள். வாங்கி வைத்துவிட்டு எழுந்தேன். பஸ் வரை யாரும் கூட வரவில்லை.

பங்குனி 20, பெரிய வியாழன்

இப்போதே வெயில் நெருப்பு. இதுவரை வேலையும் போகவில்லை, போலீசும் வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு ஆள். வெறும் எலும்பு. இரண்டு காலிலும் துணிச் சுற்று. பக்கத்தில் கருப்பாயி நின்றதால்தான் ராமையா என்று தெரிந்தது.

பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"தந்தி வந்துச்சு டீச்சர். ஒங்க வீட்டு அண்ணன் மில்லுல எல்லாரையும் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டுனாரு. மலைவழிக்கு மில்லு ஆளுக ரெண்டு வண்டியாக் கெளம்பறதா இருந்தோம், மொத வண்டி அதுக்கு முன்னாடியே போயிருச்சு. நாங்க ரெண்டாவது. நிறுத்திட்டோம். பதினெட்டு நா தொறமொகத்துல கெடந்தோம். கப்பல் வந்துச்சு. எங்கள ஏத்தல. பொறகுதான் நடந்தோம். மலையில வாந்தி பேதி. அண்ணன் ரெண்டு நா தாங்குனாரு."

"அடக்கம் பண்ணுனீங்களா?"

"தோண்ட முடியல. கல்லு அடுக்கி, ரெண்டு குச்சிய சிலுவையாக் கட்டி வச்சுட்டு வந்தேன்."

முதல் வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். கருப்பாயிதான் சொன்னாள்.

"அதுல போனவுக எல்லாரும் வந்து சேந்துட்டாக டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாளை ஆவூர் போக வேண்டும், இவர் அம்மாவிடம். கப்பல் வரும் என்று அத்தையிடம் தை மாதமே சொல்லியிருந்தேன். பிறகு மாற்றிச் சொல்லவே இல்லை. பஸ் ஏழு மணிக்கு.