துண்டுக்குள் இருந்த உன் கை

மச்சான்,

உன் வீட்டிலிருந்து தங்கச்சி நேற்று உன் துண்டைக் கொடுத்தனுப்பியிருந்தாள். நன்றாகத் துவைத்துத்தான் கொடுத்திருந்தாள். ஆனாலும் முகத்தருகே கொண்டுபோனதும் தும்மல் வந்துவிட்டது. இத்தனை வருஷ மிளகாய் நெடி சோப்புக்கெல்லாம் அசையுமா?

உன் வியாதி வெளிப்பட்டதும் இந்தத் துண்டுக்குள்தான். மிளகாய் மண்டியில் விலையை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டைப் போர்த்தி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவோம். அன்று நயினார்கோவில் வத்தல் இறங்கியிருந்தது. விற்பவன் நான், வாங்குபவர்களுக்குத் தரகன் நீ. என் விரலைப் பிடித்தாய், விட்டாய், மறுபடி பிடித்தாய். எந்த விலையும் தேறவில்லை.

"என்ன மச்சான், கூட்டத்துல வெளாடுறியா?" என்று கையை உதறினேன்.

நீ பதில் சொன்னாய். சொல் குழறியது. துண்டை விலக்கி, உன் வலது கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தாய். டீ வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. "கை மரத்துப்போச்சு மாப்ளே, வேலையைப் பாரு" என்றாய். ஊரே நம்பியிருக்கும். உன் பிடி எனக்குத் தெரியும். காரில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனேன்.

மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக்குழாய் இடது பக்கம் சுருங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். உனக்கு ஏற்கெனவே நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்ததால், கழுத்தைத் திறப்பதைவிட ஸ்டென்ட் வைப்பது மேல் என்றார். தொடை வழியாகக் கம்பிவலையை ஏற்றிக் குழாயை விரித்துவிடுவார்களாம்.

"கழுத்து அடைப்புக்குத் தொடையில எதுக்குங்க ஓட்டை? மதுரைக்குப் போக தனுஷ்கோடி சுத்தணுமா?" என்று கேட்டாய். டாக்டரே சிரித்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. "பயமில்லாததுதானே? எத்தனை வருஷம் தாங்கும்?" என்றேன்.

"பயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். வைக்கும்போது அடைப்புல ஒரு துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போகலாம். அதைப் பிடிக்கத்தான் மேலே சின்னக் குடை மாதிரி வலை விரிப்போம். முதல் மாசம் கவனமா இருக்கணும். அதைத் தாண்டிட்டா பெரும்பாலும் நிலைச்சு நிக்கும். சிலருக்கு மறுபடி சுருங்கலாம். அதனால வருஷா வருஷம் ஸ்கேன், மாத்திரையை விடக்கூடாது, சிகரெட் கூடவே கூடாது."

வெளியே வந்ததும் நீதான் முடிவு சொன்னாய்: "குறையைச் சொல்லி விக்கிறான் மாப்ளே. இவன்கிட்ட வாங்கலாம்." பிறகு குரலை இறக்கினாய். "மவுத்துக்குப் பயமில்ல. கையும் வாயும் விழுந்து கெடந்துறக் கூடாது. தரகனுக்கு வேற என்ன இருக்கு?"

ஸ்டென்ட் வைத்த அன்று தங்கச்சி ஒரு பக்கம் துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு பக்கம் சேதுக்கரைப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து என்னை உள்ளே விட்டதும் உன்னிடம் நலம் விசாரிக்கவில்லை. போர்வைக்குள் கையை விட்டேன். நீ என் விரல்களைப் பிடித்தாய். அழுத்தமாக, ஒவ்வொன்றாக. அன்றைய சந்தை விலையில் பாதிக்கு என் வத்தலைக் கேட்டாய்!

"அநியாயம் மச்சான்" என்றேன். கண் நிறைந்துவிட்டது.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று நர்ஸம்மா அதட்டினார்.

"வியாபாரம்மா" என்றாய். ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை.

அப்புறம் நீ இருந்த வருஷங்கள் எல்லாமே எனக்கு லாபந்தான். சிகரெட்டை விட்டதற்கு ஊரையே திட்டினாய். நோன்பு மாதத்தில் மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டாயே தவிர, ஒருவேளைகூட விடவில்லை. ஒவ்வொரு ஸ்கேன் முடிந்தும், "ரோடு கிளியர் மாப்ளே" என்று போன் செய்வாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது அந்தப் பழைய நெஞ்சுதான். அன்று காலையிலும் நீ மண்டியில் பேரம் பேசியிருந்தாய். கையும் வாயும் உன்னோடுதான் போயின. அழும்போதும் எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

இப்போதெல்லாம் துண்டுக்குள் கை வைத்தால் முதலில் பிடியைப் பார்க்கிறேன், அப்புறந்தான் விலை. போன வாரம் கடலாடி வியாபாரி ஒருவரின் விரல் வழுக்கியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏலே, காரை எடு!" என்று கடைப் பையனைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் மிரண்டுபோய்த் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துக் காட்டினார். "எதுக்குண்ணே? வடை தின்ன கை. எண்ணெய்."

மண்டியே சிரித்தது. சிரிக்கட்டும் மச்சான்.

"இருக்கட்டும்யா," என்றேன். "தொடச்சுட்டு இன்னொருக்க அழுத்து."