பலாக்கொட்டை: எலியிலும் பன்றியிலும்

7 ஜூன் 2004, திங்கள். தேனி.
காலையிலிருந்து பேய்க்காற்று. லேப் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் எடை போட முடிந்தது.

எலிகளின் கடைசிப் புழுக்கையும் எடுத்தாயிற்று. ஒட்டிய முடி, தீனித் துணுக்கு எல்லாம் இடுக்கியால் பொறுக்கி, உலர்த்தி, எடை. தின்றது கழித்தல் வெளியே வந்தது, மீதி உடம்பில் சேர்ந்தது. அவ்வளவுதான் விஞ்ஞானம். பச்சைப் பலாக்கொட்டை தின்ற எலிகள்: நோஞ்சான். வேகவைத்தது தின்றவை: கொழுகொழு. பன்றிக்கு மலிவுத் தீனி தேடி எட்டு மாத வேலை.

என் ஆராய்ச்சி கைடு பார்த்தார். "எலிக்கு சரிப்பா. பன்னிக்கும் இதேதான்னு யார் சொன்னா? ஒரு தடவை பன்னியில காட்டு. பொருந்தலேன்னா நீ எட்டு மாசம் எலி வளர்த்த, அவ்வளவுதான்." 28இல் ஆய்வுக் கமிட்டி. அவர் சொல்வது சரி. அதுதான் எரிச்சல்.

9, புதன். கூடலூர்.
சாரல். பஸ்ஸில் நின்றபடியே.
பன்றிப் பண்ணை அந்தோணி அண்ணன் மூன்று பன்றிகள் தந்தார். தனித்தனிக் கொட்டடி. குமுளி சிப்ஸ் கடையில் தூக்கி எறியும் கொட்டை, அண்டாவில் வேகவைத்து. ஒரு வாரம் பழக்கம். பிறகு ஐந்து நாள் கழிவு முழுவதையும் சேகரிக்க வேண்டும்.
"பன்னிக்குப் போயி அடுப்பு மூட்டணுமா தம்பி? அது செங்கல்லயும் திங்கும்."
"திங்கும்ணே. செரிக்கணுமே."

16, புதன்.
சேகரிப்பு முதல் நாள். மூன்று வாளி, மூடி, நம்பர். சுத்தமாக முடிந்தது. சட்டையைத் தவிர.

17, வியாழன்.
ஏழு மணிக்குப் போனேன். கொட்டடித் தரை பளபள. பினாயில் வாசம். அண்ணன் மனைவி ஜெசிந்தா அக்கா கையில் ரப்பர் குழாயோடு சிரித்தபடி.

"பெரிய ஆபீசர் வாராகன்னு இவுக சொன்னாக. பன்னிப் பீயோட விட்டா என்ன நினைப்பாக?"

"அந்தப் பீதான்க்கா எனக்கு வேணும்." கத்திவிட்டேன்.

"அதப் பத்திரப்படுத்தணும்னு எந்தூர்ல சொல்லிக் குடுத்தாக? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா?"

சொல்லவில்லை. அண்ணனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். கொட்டடி வேலை முழுக்க இவர். முட்டாள்தனம் என்னுடையது. அண்ணன் தீனி மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த 'ஆபீசர்' என் கைடு; பார்க்க வருவதாகச் சொன்னவர் வரவும் இல்லை.

இன்றைய கணக்கை விட்டுவிட்டு, முடிவில் ஒரு நாள் கூட்ட வேண்டும். கொட்டை ஒரு நாளுக்குக் குறைகிறது. அக்காவிடம் எதற்கு இதெல்லாம் என்று முதலிலிருந்து விளக்கினேன். குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

20, ஞாயிறு.
நான் குமுளிக்குக் கிளம்புமுன் ஜீப் வந்து நின்றது. பூசை முடிந்த கையோடு பட்டுப்புடவையில் அக்கா. காலடியில் ஒரு சாக்குக் கொட்டை.
"'சக்கக்குரு எந்தினா சேச்சி'ன்னு கேட்டான் கடைக்காரன். கொட்டை எதுக்காம். பரிச்சைக்குன்னேன்."

21, திங்கள்.
கடைசி நாள். வாளிகளில் என் நம்பர்களை அழித்து அக்கா சாக்பீஸால் எழுதியிருக்கிறார்: பெரியவன், நொண்டி, சோம்பேறி. என் நோட்டிலும் அப்படியே மாற்றிக்கொண்டேன். குழப்பமே இல்லை.
அண்ணன் எட்டிப் பார்க்க வந்தார். விளக்குமாறு உயர்ந்தது. "அங்கனயே நில்லுங்க. மிதிச்சீகன்னா தெரியும்."

24, வியாழன். தேனி.
கரண்ட் இரண்டு முறை போனது. உலர்த்தும் அடுப்பைத் திட்டியே தொண்டை போச்சு.
மாலை நாலு மணிக்கு நைட்ரஜன் கணக்கு, அதாவது எவ்வளவு புரதம் செரித்தது என்று. பெரியவன், நொண்டி, சோம்பேறி மூன்றும் எலியை ஒட்டி. வித்தியாசம் இரண்டு புள்ளிக்குள். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அதேதான். தனியாக நின்று விசிலடித்தேன். எலிகள் காதைத் தூக்கின.
கைடுக்குப் போன். எண்களை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, "எழுது."

25, வெள்ளி. கூடலூர்.
செய்தியைச் சொன்னேன். அண்ணன் கை குலுக்கினார். அக்கா யோசித்தார்.

"அப்ப எலிய விட்டுட்டு எம் பன்னியவே முதல்ல கேட்டிருக்கலாமே? எட்டு மாசம்."

"எலிக்கு ஒரு நாளுக்கு ஒரு பிடி போதும்க்கா. நூறு தீனி சோதிக்கலாம். நல்லது எதுன்னு அது சொல்லிடும்."

"அப்ப திராட்சைச் சக்கையக் கேளுங்க. வாழைக்கிழங்கு. அப்புறம் புளியங்கொட்டை."

எழுதிக்கொண்டே இருந்தேன். பதினொன்று வரை வந்தது. கறிக்குழம்போடு இலை போட்டார். கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அக்கா என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, முழு சோப்புக்கட்டியைக் கையில் திணித்து மறுபடி குழாயடிக்கு அனுப்பினார்.