பெருவெள்ளத்துக்கு முந்திய கடல்

பெரம்பலூர்
2-3-1942

அன்புள்ள ரெங்கம்மாளுக்கு,

"கல்லுக்குள்ள கிளிஞ்சல் எப்படி டீச்சர் பூந்துச்சு?" என்று அரியலூரில் நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு குழந்தை கேட்டது. தெரியாமல், "சாமி வைத்தது" என்று சமாளித்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் அந்தப் பொய் உறுத்துகிறது.

ஏப்ரல் பத்தாம் தேதி இன்ஸ்பெக்டர் வருகிறார், பூகோளப் பாடத்துக்கும் இங்கிலீஷுக்கும் என்ன நடத்திக் காட்டுவது என்று கேட்டிருந்தாய். கல்லங்குறிச்சிப் பக்கம் கால் வைக்கிற இடமெல்லாம் பாடம்தான் கிடக்கிறது. ஆளுக்கொரு கிளிஞ்சல் கல் கொண்டுவரச் சொல். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. கஞ்சிப் பானையில் பருக்கை அடியில் படிகிற மாதிரி சேறு படிந்து, சிப்பியை மூடி, கல்லாகிவிட்டது என்று சொல். அதையே கையில் வைத்துக்கொண்டு "திஸ் இஸ் எ ஸ்டோன், இட் வாஸ் எ ஷெல்" என்று இங்கிலீஷும் சொல்லிக் கொடுக்கலாம்.

இருபது பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியின் அங்கீகாரம் போய்விடும் என்று பயந்திருக்கிறாய். முப்பத்து நாலு பேர் இருக்கையில் என்ன பயம்? வேளைக்குச் சாப்பிடு.

உன்
ஜெகதாம்பாள்

அரியலூர்
14-3-1942

அன்புள்ள ஜெகதா,

பாடம் நன்றாகப் போகிறது. வாசலில் குவிந்த கல்லைப் பார்த்து, "ரோடு காண்ட்ராக்ட் எடுத்திருக்கீங்களா?" என்று போகிறவர்கள் கேலி செய்கிறார்கள்.

கிணறு வெட்டும் அரியமுத்துவின் மகள் குஞ்சம்மாள், "கடல் இருந்தது பெருவெள்ளத்துக்கு முந்தியா, பிந்தியா டீச்சர்?" என்று கேட்டாள். கொள்ளிடம் கரை உடைத்த அந்த வருஷத்தை வைத்துத்தானே இங்கே பிறப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் கணக்கு. "முந்தி" என்றேன். பிள்ளைகள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். எவ்வளவு கவனம் பார்.

உன்
ரெங்கம்மாள்

அரியலூர்
30-3-1942

ஜெகதா,

இன்று வகுப்பில் ஒன்பது பேர்.

ஜப்பான்காரனுக்குப் பயந்து பட்டணத்து ஜனங்கள் தினமும் டிரங்குப் பெட்டியோடு ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். கடற்கரையிலிருந்து ஓடி வருகிறார்கள் என்பது மட்டும்தான் இங்கே தெரிகிறது. நம் பாடமும் அதோடு சேர்ந்துகொண்டது. வெள்ளம் வந்து பதினெட்டு வருஷம். அதற்கு முந்தி என்றால் பாட்டன் காலம் என்று எண்ணிவிட்டார்கள்.

அரியமுத்து நிதானமானவர் என்று அவரிடம் போனேன். "கடல் இங்கதான் கெடந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? கெடந்த எடத்துக்குத் திரும்பி வராதுங்களா?" என்றார். வராது என்றேன். "அப்ப ரயில்ல வர்றவுங்கள்லாம் பைத்தியமா?" என்று அவர் பெண்சாதி மலர்கொடி ஆட்டை அவிழ்த்தாள். சில குடும்பங்கள் மேடு தேடிப் பச்சைமலைக்குப் புறப்பட்டுவிட்டன, உங்கள் ஊர் வழியாக.

பள்ளியை மூடினால் இந்தப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போகப் போவதில்லை. சோறு இறங்கவில்லை. இனி எனக்குப் பாடம் எழுதி அனுப்பாதே.

ரெங்கம்மாள்

பெரம்பலூர்
6-4-1942

அன்புள்ள ரெங்கம்மா,

உன் கோபம் நியாயம். கடிதம் கிடைத்ததிலிருந்து தினமும் போய்ச் சந்தைப்பேட்டையில் மலைக்குப் போகிறவர்களை விசாரித்தபடி நின்றேன். நேற்று அரியமுத்து குடும்பம் ஆட்டோடு வந்தது. கடல் இருந்ததாக எழுதிக் கொடுத்தது நான்தான் என்றேன். "நீங்கதானா அந்தப் புண்ணியவதி?" என்றாள் மலர்கொடி.

கஞ்சிப் பானை உதாரணத்தைச் சொன்னேன். "கஞ்சி ஒரு நாழியில படிஞ்சிடுமேங்க" என்றார் அரியமுத்து. அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு காலம் ஆனது என்று உனக்கு நான் எழுதவே இல்லை. முப்பது வருஷம் பாடம் நடத்தியவள் செய்கிற தப்பா இது?

"ஏரியில வருஷத்துக்கு எவ்வளவு வண்டல் படியும்?" என்று கேட்டேன்.

"வெரக்கடைகூட வராதுங்க."

"கிளிஞ்சல் எவ்வளவு ஆழம் வரைக்கும் கிடக்கு?"

"மேலயும் கெடக்கு, எட்டாள் மட்டத்துலயும் கெடக்கு."

அரியமுத்து கீழே குந்தினார். விரலைத் தரையில் பதித்துப் பதித்து எதையோ எண்ணினார். கடைசியில், "பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேர்ந்து எண்ணுனாலும் ஒத்த ஆள் மட்டம் தாண்டாதுங்களே, கடல் போயி எத்தனை காலமாச்சோ" என்று சிரித்தார்.

மலர்கொடி சிரிக்கவில்லை. "ஆட்டை இனி எவ திருப்பி ஓட்டிட்டுப் போறது?" என்றாள்.

மலையடிவாரத்தில் இருக்கிறவர்களை அவரே கூட்டிவருவதாகச் சொன்னார். குஞ்சம்மாளையும் சேர்த்துப் பிள்ளைகள் பதினொன்று; மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. உன் ஒன்பதோடு இருபது. ஒன்று குறைந்தாலும் போச்சு. வெயிலில் நடந்து வரவேண்டும். எனக்கும் சோறு இறங்கவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

ஜெகதாம்பாள்

அரியலூர்
11-4-1942

அன்புள்ள ஜெகதா,

நேற்றுக் காலை பத்து மணிக்குப் பத்தொன்பது பேர். இன்ஸ்பெக்டர் ரெஜிஸ்டரைத் திறந்துவிட்டார். அப்போது, கால் கொப்புளித்த குஞ்சம்மாளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து மலர்கொடி வாசலில் இறக்கினாள். இருபது என்று எழுதிக்கொண்டார்.

பிறகு ஒரு கல்லை எடுத்து, "இது எப்போது ஷெல்லாக இருந்தது?" என்று குஞ்சம்மாளைக் கேட்டார்.

"எங்கப்பா இன்னும் எண்ணிக்கிட்டிருக்காங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். பள்ளி நடக்கும்.

கடுமையாக எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் பாடங்கள் எனக்கு வேண்டும். ஒன்று மட்டும் செய்: தபாலில் போடுவதற்கு முன், பள்ளிக்கூடம் போகாத ஒருத்தருக்கு அதை வாசித்துக் காட்டு.

உன்
ரெங்கம்மாள்