காஜா அக்கா பெயரில் பதிவானது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது, மற்றபடி குறையில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

நீ போனில் கொதித்த விஷயத்துக்கு வருகிறேன். தையல் கடைக்காரர்கள் அளவு குறித்துவைக்கவும் பில் போடவும் நீ ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய மென்பொருளை, ஒரே பதிவு எண்ணைப் போட்டு ஊரெல்லாம் ஓசியில் ஓட்டுகிறார்கள், திங்கட்கிழமை அந்த எண்ணை முடக்கிவிடுவேன் என்றாயே, அது யாருடைய எண் என்று நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் பேண்ட் இடுப்பைப் பிடிக்கக் கொடுத்த கடையில் பில்லை நீட்டினார்கள், கடைசி வரியில் ‘காஜா அக்கா பெயரில் பதிவானது’ என்று இருக்கிறது. அடுத்த கடையிலும் அதே வரி. எண்ணோடு வாங்கியவர் பெயரும் ஒட்டிக்கொண்டு போகும்படி நீ செய்துவைத்திருப்பதை ஒருத்தரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது, எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுப்பதில் கைதேர்ந்தவள் என்று எல்லாரும் அப்படிக் கூப்பிடுகிற நம் எதிர்வீட்டு மாடித் தையல்காரிதான், உன்னிடம் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியவள்.

நேரே போய்ச் சண்டைக்கு நின்றேன். அவள் பதறவே இல்லை, “ஆமாண்ணே, கேட்டவங்களுக்கெல்லாம் நான்தான் குடுத்தேன், நம்ம பொண்ணு செஞ்சது நாலு கடையில ஓடட்டுமே, அதுவும் என் பேரோட ஓடுதுன்னா சும்மாவா” என்று பெருமையாகச் சொல்கிறாள்.  நான் அவளைப் பார்த்து, நீ தைத்த சட்டையை ஆளாளுக்குக் கூலி கொடுக்காமல் மாட்டிக்கொண்டு போனால் உன் அடுப்பு எரியுமா, என் மகளுக்கு இதுதான் பிழைப்பு, இது படுத்துவிட்டால் அவள் பிடிக்காத வேலைக்குப் போய்க் கைகட்டி நிற்கவேண்டியதுதான் என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று. மறுநாளே கடைகடையாக ஏறி, “அந்த நம்பர எடுத்துடுங்க, உங்க பேருக்கு வாங்கிக்குங்க” என்று கெஞ்சியிருக்கிறாள், இரண்டொருவர் சரி என்றார்களாம், மற்றவர்கள் பார்க்கலாம் பார்க்கலாம் என்று நழுவிவிட்டார்கள்.

முடக்குவது உன் உரிமை, உழைத்தவள் நீ, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அம்மாடி, அந்தக் கடைக்காரர்கள் தாங்கள் குறித்துவைத்த அளவுகளை எடுத்துக்கொள்ள மட்டும் வழி விடு, ஊரார் இடுப்பளவைப் பூட்டிவைத்து நீ என்ன செய்யப்போகிறாய். காஜா அக்காவுக்குப் புது எண் ஒன்று கொடு, கொடுப்பதற்கு முன்னால் நீயே கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசு. நேற்றுப் பார்த்தேன், கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூடிவிட்டு, அளவையெல்லாம் துணியிலேயே தையல் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், “பொண்ணு கோவமா இருக்கறப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் தொறக்கறதுண்ணே” என்கிறாள். ஓசியில் வாங்கியவர்கள் எல்லாரும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காசு கொடுத்தவள் மட்டும் அதைத் தொடவில்லை.

எடுத்த காரியம் உனக்குக் கைகூடும், எங்கள் ஆசி கூடவே இருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்காதே. திங்கட்கிழமைக்கு முன்னால் அவளிடம் பேசிவிடு.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா