வெண்பூச்சைக் களைந்த இளவரசி

அருவி ஓயாத நீலவரை நாட்டை ஆளும் அரசி நன்முல்லை, கடம்பாற்று நாட்டு வேந்தர் இளவெயினனாருக்கு எழுதுவித்த ஓலை. தங்கள் ஆற்றில் நீரும், தங்கள் அவையில் நீதியும், தங்கள் மனையில் சிரிப்பொலியும் குறையாதிருப்பதாக.

தங்கள் மைந்தருக்கு எம் மகள் நறுமலரை மணம் பேசியபோது தாங்கள் அனுப்பிய சீர்வரிசையில், வெள்ளிச் சிமிழொன்றில் வெண்பூச்சு இருந்தது. ஏழு நாளில் முகத்தைச் சங்கு நிறமாக்கும் என்று அதை விற்ற வணிகன் உறுதி கூறினானாம். அதைப் பூசியது என் கை. மாநிறத்தாளான மகள் தங்கள் அவையில் குறைவாக எண்ணப்படுவாளோ என்று அஞ்சி, எரிகிறதென்று அவள் சொன்ன பின்னும் இரண்டு நாள் பூசினேன். மூன்றாம் நாள் கன்னங்களில் கொப்புளம் எழுந்து நீர் வடிந்தது. கண் திறக்க இயலாமல் கிடந்தாள். பிழை என் கையது; ஆகவே இவ்வோலையைத் தங்கள் மீதான குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டா.

பதறிப்போய் எலுமிச்சைச் சாறு தடவ எழுந்தேன். அப்போது மடைப்பள்ளியில் சோறு வடிக்கும் சாத்தி என்பாள் கதவை மறித்து நின்றாள். "வெந்த தோலுல புளிப்பை ஊத்துவாங்களா தாயே? பச்சத் தண்ணியத் தவிர இப்ப ஒண்ணும் படக்கூடாது" என்றாள். என் வழியை மறித்தவர் அதுவரை எவருமில்லை. சினந்தேன், ஆயினும் மகளின் முனகல் கேட்டு அவளை உள்ளே விட்டேன்.

சில நாள் குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய துணி மட்டுமே. கொப்புளம் ஆறிய பின் வெள்ளரிச் சாறு. புதுத்தோல் வந்த பின்னரே பாலாடையில் குழைத்த பாசிப்பயற்று மாவு. எதையும் சாத்தி முதலில் மகளின் கையில் தடவி ஒரு நாள் காத்திருந்தாள். "கை தாங்காதத முகம் தாங்குமா?" என்றாள். இவையெல்லாம் எங்குக் கற்றாய் என வினவினேன். முழங்கையைக் காட்டினாள், கொதிகஞ்சி கொட்டிய பழந்தழும்பு. இருபதாண்டு அவள் சமைத்ததை உண்ட யான், அதை அன்றுதான் கண்டேன்.

இன்று மகள் நலம். இடக்கன்னத்தில் மட்டும் கருந்திட்டு ஒன்று நிற்கிறது. தங்களுக்கென அவள் உருவத்தை மீண்டும் எழுதிய ஓவியர் அதை விட்டுவிட எண்ணினார். "அந்த ஊரில் வாழப்போவது இந்த முகந்தான், உள்ளபடியே எழுதுங்கள்" என்றாள் மகள். அவ்வோவியம் இத்துடன் வருகிறது. மைந்தர் கண்டு மனமொப்பினால் தை மாதத்தில் மணம் நிகழ்க. ஒப்பாவிடினும் நம் நட்புக்கு ஊறில்லை.

மற்றொன்று. தங்கள் இளைய மகளாரும் அதே பூச்சால் வருந்தி, ஒரு திங்களாக எவர் முகத்திலும் விழியாமல் திரைக்குப் பின் இருப்பதாக எம் தூதர் உரைத்தார். ஆதலின் இவ்வோலையைத் தூதர் கையில் விடுக்கவில்லை. கொண்டுவந்து தங்கள் முன் நிற்பவள் சாத்தியே. அவளை வாயிலில் காக்க வைக்காமல், ஓலையைப் படித்து முடித்த இக்கணமே மகளாரிடம் அழைத்துச் செல்லுமாறு ஒரு தாயாக வேண்டுகிறேன்.

இது எம் சொல். நீலவரை இலச்சினை இட்டோம்.