நைனாவின் கட்டிலில் என் போட்டோ

2009 நவம்பர், வியாழன் இரவு

நாட்டு மக்களுக்கு ஓர் அறிவிப்பு: பதினாறு வயதுச் சிங்கமான எனக்குக் குடலிறக்கம் என்று திருவொற்றியூர் ஆஸ்பத்திரி ஒன்று அரசாங்கத்துக்கே எழுதி அனுப்பிவிட்டது.

குடலிறக்கம் உண்மையில் என்னைப் பெற்ற நைனாவுக்கு. துறைமுகத்தில் மூட்டை தூக்கி வந்தது. ஆபரேஷன் செலவை ஆஸ்பத்திரியே அரசுக் காப்பீட்டில் நேராக வாங்கிக்கொள்ளும். அதற்கு நோயாளி கட்டிலில் இருக்கும் போட்டோ வேண்டும். நைனா கழிவறைக்குப் போன நேரம் நான் கட்டிலில் ஏறிப் படுத்தேன். காப்பீட்டு கிளார்க் வந்து என்னையே படம்பிடித்து அனுப்பிவிட்டார். கழுத்தில் ஸ்கூல் டை வேறு! காப்பீட்டு கார்டு இருந்தால் போதும், காசிமேட்டுக் கருவாட்டைக் கிடத்தினாலும் இவர்கள் பில் போடுவார்கள்.

கார்டில் இருக்கும் ஆள் இவன் இல்லை என்று காப்பீட்டு ஆபீசில் இன்று அனுமதியை மறுத்துவிட்டார்கள். மறுபடி எழுதிப் பதில் வரும்வரை ஆபரேஷன் கிடையாது. அந்த கிளார்க் லீவு. நைனா வயிற்றைப் பிடித்தபடி கவுண்டரில் இருந்த அம்மாவிடம் கத்தினார்.

"இன்னாம்மா, மூஞ்சியக்கூட பாக்க மாட்டீங்களா?"

"நல்லா கேளு நைனா" என்று நானும் எடுத்துக்கொடுத்தேன்.

இப்போது அவர் புரள முடியாமல் முனகிக்கொண்டிருக்கிறார். படம்பிடித்த அன்று அந்த கிளார்க் என் மூஞ்சியைப் பார்க்கத்தான் செய்தார். "நீதான் பேஷண்டா? வயசு கம்மியா தெரியுதே" என்றும் கேட்டார்.

"நோவுல ஒடம்பு வத்திப்போச்சு சார்" என்று முனகியது நான்தான்.